நூறாயிரமும் ஒரு காசும்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துச் சாஆவில் தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பிள்ளை 100,000 என்பதை ‘நூறாயிரம்’ என்று வாசிக்கும். திருச்சியில் அதே வயதுப் பிள்ளை 1,00,000 என்று எழுதி ‘ஒரு லட்சம்’ என்று சொல்லும். எண் ஒன்றுதான். காற்புள்ளி நிற்கும் இடம் மாறியதால் பெயரும் மாறிவிட்டது.

இதில் எது பழையது என்று சண்டை பிடிக்க வேண்டியதில்லை. பெரியாழ்வாரின் திருப்பல்லாண்டிலேயே நூறாயிரம் உண்டு. ராசராச சோழனின் மெய்க்கீர்த்தி இரட்டபாடியை ‘ஏழரை இலக்கம்’ என்று எண்ணால் குறிக்கிறது. இரண்டுக்கும் ஆயிரம் வயது. மலேசியாவில் மூன்று இலக்கத்துக்கு ஒரு காற்புள்ளி என்பது வழக்கம். அதற்குப் பொருத்தமான சொல் தமிழிலேயே தயாராக இருந்தது. நூறாயிரத்துக்கு மேல் மில்லியன். தமிழ்நாட்டிலிருந்து வந்த உறவினர் ‘பத்து லட்சம்’ என்றால், சாஆக்காரர் மனத்துக்குள் ஒரு முறை பெருக்கிப் பார்த்துத்தான் தலையாட்டுவார்.

ஜொகூரின் வடபகுதியில், சிகாமட் மாவட்டத்தில், லாபிசுக்கும் யோங் பெங்குக்கும் நடுவே இருக்கும் சிறு பட்டணம் சாஆ. 1909இல் ரயில் பாதை சிகாமட், லாபிஸ், பெக்கோக் வழியாக ஜொகூர் பாரு வரை முடிந்தது. அதையொட்டி இந்த வட்டாரக் காடுகள் ரப்பர் தோட்டங்களாயின. ரப்பரோடு தமிழர்களும் வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த மூட்டை முடிச்சுகளில் ஒரு கணக்கு முறையும் இருந்தது. அதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

திண்ணைப் பள்ளியின் கணக்கு அது. வாய்ப்பாட்டு நூலான எண்சுவடியை உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்வார்கள். பழந்தமிழ் எண் எழுத்தில் இடமதிப்பு இன்றைய முறையில் இல்லை. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறிகள் இருந்தன. 2,453ஐ ௨௲௪௱௫௰௩ என்று எழுதுவார்கள். வாயால் சொல்வதையே கை எழுதுகிறது. இரண்டாயிரத்து மூன்றை எழுத ௨௲௩ போதும். வெற்றிடம் என்ற ஒன்றே இல்லாததால் அங்கே சுழியத்துக்கு வேலையும் இல்லை. கணினி எழுத்துருக்களின் பொதுக் குறியீடான யூனிகோடில் தமிழ்ச் சுழியம் சேர்ந்ததே 2005இல்தான். மற்றத் தமிழ் எண்கள் அதற்கு முன்பே அங்கே இருந்தன.

பின்னத்தில்தான் இந்த முறையின் நுட்பம் தெரியும். கால், அரைக்கால், மாகாணி என்று பாதிபாதியாக இறங்குவது ஒரு வழி. மாகாணி என்பது பதினாறில் ஒன்று. இருபதில் ஒன்று மா, எண்பதில் ஒன்று காணி, முந்நூற்று இருபதில் ஒன்று முந்திரி. ‘இம்மியும் பிசகாது’ என்கிறோமே, அந்த இம்மி இருபது லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அளவு. இவ்வளவு நுணுகிக் கணக்கிட்டவர்கள் குத்துமதிப்பையும் விட்டுவைக்கவில்லை. கணக்கதிகாரம் என்ற பழைய நூல், பலாப்பழத்தை வெட்டாமலே சுளைகளை மதிப்பிட ஒரு வழி சொல்கிறது: காம்பைச் சுற்றியுள்ள சிறு முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். நூறு முள்ளுக்கு 120 சுளை. இதை நம்பி யாரும் பந்தயம் கட்ட வேண்டாம். ஆனால் எண்ண முடிந்ததை வைத்து எண்ண முடியாததை மதிப்பிடலாம் என்ற யோசனை அசலானது.

கடல் கடந்தபோது இந்தக் கணக்கு ஒரு விசித்திரமான நாணயத்தைச் சந்தித்தது. ஊரில் ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா, ஒரு அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி. அணா என்றால் ரூபாயில் ஒரு மாகாணி. எண்சுவடி படித்தவனுக்கு அது பழகிய இடம். மலாயாவிலோ ஒரு வெள்ளிக்கு, அதாவது டாலருக்கு, நூறு காசு. எல்லாம் பத்துப் பத்தாக ஏறும். இந்தியா ரூபாயை நூறு பைசாவாக மாற்றியது 1957 ஏப்ரல் 1இல். தோட்டத் தொழிலாளி அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே பதின்மக் காசில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தான்.

சிக்கல் ஊருக்குப் பணம் அனுப்பும்போது வந்தது. 1906இல் வெள்ளியின் மதிப்பை 28 பிரிட்டிஷ் பென்சாக நிறுத்தினார்கள். ரூபாய் அப்போது 16 பென்ஸ். ஆக, ஒரு வெள்ளி 1 ரூபாய் 12 அணா, அதாவது ஒன்றே முக்கால். வாய்க்கணக்கிலேயே முடிந்துவிடும். 1927இல் ரூபாயை 18 பென்சுக்கு உயர்த்தினார்கள். அன்று முதல் ஒரு வெள்ளிக்கு 1 ரூபாய் 8 அணா 10 தம்பிடி, அதற்கு மேலும் முக்காலுக்குக் கொஞ்சம் குறைந்த ஒரு தம்பிடித் துணுக்கு. இதை யாரால் வாயில் பெருக்க முடியும்? ‘ஒன்றரை ரூபாய்’ என்று வைத்துக்கொண்டால் எளிது. ஆனால் பத்து வெள்ளிக்கு அப்படிக் கணக்குப் பார்த்தால் எட்டு அணா பத்துத் தம்பிடி காணாமல் போகும். இது சர்க்கார் விகிதம் மட்டுமே. இடையில் நின்றவர்கள் பிடித்துக்கொண்டது தனி.

எட்டு அணா என்ன பெரிய காசா என்று இன்று கேட்கலாம். 1920களின் கடைசியில், மலாயாவில் இந்தியத் தொழிலாளருக்குத் தரக்கூலி நிர்ணயிக்கப்பட்ட இடங்களில் ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930இல் ரப்பர் விலை சரிந்ததும் 40, 32 என்று குறைத்தார்கள். அந்த நான்கு எண்களையும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். பெண்ணுக்கு ஆணின் கூலியில் ஐந்தில் நான்கு பங்கு. நெருக்கடி வந்தபின் இருவருக்குமே பழைய கூலியில் ஐந்தில் நான்கு பங்கு. எண்கள் எவ்வளவு நேர்த்தியாக வகுபடுகின்றன! எட்டு அணா என்பது, குறைத்த கூலியில், அந்தப் பெண்ணுக்கு ஏறத்தாழ ஒரு நாள் உழைப்பு.

எடையிலும் இதே கதைதான். சந்தையில் பிக்குள், காட்டி, தாயில். நூறு காட்டி ஒரு பிக்குள். ஆனால் ஒரு காட்டிக்குப் பதினாறு தாயில். மேலே ஏறும்போது பத்தின் கணக்கு, கீழே இறங்கும்போது பதினாறின் கணக்கு. தோட்டத்திலோ ராத்தல். ஒரு பிக்குள் என்பது 133⅓ ராத்தல். விடியலில் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, பேர் கொடுத்து, நிரை நிரையாகப் பால்மரம் வெட்டி, மங்கு என்ற கிண்ணத்திலிருந்து பாலை வாளியில் சேர்த்து ஸ்டோருக்குக் கொண்டுபோனால், எடை மட்டும் பார்த்து விடமாட்டார்கள். பாலில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மிச்சம் தண்ணீர். மெட்ரோலாக் என்ற கருவியைப் பாலில் மிதக்கவிட்டு, எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்துத் தோட்டக் கணக்கரான கிராணி ஓர் எண்ணைச் சொல்வார். எடையை அதனால் பெருக்கினால் காய்ந்த ரப்பரின் அளவு கிடைக்கும். கருவி காட்டுவதே மதிப்பீடுதான். அதைக் கிராணி முழு எண்ணாக்கும்போது அது மேலே போகுமா, கீழே போகுமா? செக்ரோல் என்ற கூலிப் பதிவேடு அவர் கையில் இருந்தது. வெட்டியவருக்கு எண் தெரியாவிட்டால் கேள்வி கேட்கவே வழியில்லை.

கூட்டு மலாய் மாநிலங்களில் 1923இன் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. ஜொகூர் அந்தக் கூட்டில் இல்லாவிட்டாலும் அதன் தோட்டங்களிலும் தமிழ்ப்பள்ளிகள் முளைத்தன. வசதி சொற்பம்தான். ஆனாலும் வாய்ப்பாடு தெரிந்த பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் சம்பள நாளன்று அதற்குத் தனி மரியாதை.

தமிழில் இடமதிப்பைக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியருக்கு மொழியே வைக்கும் ஒரு பொறி உண்டு. எண்பதுக்கு அடுத்து ‘தொண்பது’ என்றுதானே வர வேண்டும்? வருவது தொண்ணூறு. நூறு இன்னும் வரவில்லை, பெயரில் மட்டும் முன்கூட்டியே வந்து உட்கார்ந்துவிட்டது. 900 தொள்ளாயிரம், அதில் ஆயிரம் இல்லை. ஒன்பதிலும் ஒரு ‘பது’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. தொல்காப்பியமே இந்தப் புணர்ச்சிக்குத் தனி விதி சொல்லியிருக்கிறது. பிள்ளைகள் தொண்ணூற்று மூன்றைக் கேட்டு நூறு என்று தொடங்கினால், திட்டுவதற்கு முன் இதை நினைத்துப் பார்க்கலாம்.

2003இல் மலேசியப் பள்ளிகளில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறின. 2009இல் அந்த முடிவு கைவிடப்பட்டு, பாடங்கள் படிப்படியாகப் பழைய மொழிக்கே திரும்பின. தமிழ்ப்பள்ளிப் பாடநூல்களில் இடமதிப்பு, இலக்க மதிப்பு, கிட்டிய மதிப்பு, அனுமானித்தல் என்ற சொற்கள் மீண்டும் நிலைத்தன. கிட்டிய மதிப்பு அழகான சொல். எது கிட்டத்தில் இருக்கிறதோ அங்கே போ என்று சொல்லிலேயே விதி இருக்கிறது.

அனுமானம் தோட்டத்தைவிட்டுப் போகவில்லை. ரப்பர் இருந்த இடத்தில் இன்று செம்பனை. எக்டருக்கு 136 அல்லது 148 மரம் நடுவது வழக்கம். வரும் மாதங்களில் எவ்வளவு விளையும் என்று அறிய எல்லா மரத்தையும் யாரும் எண்ணுவதில்லை. சில மரங்களை மட்டும் பொறுக்கி, அவற்றில் பழுக்காமல் கறுத்திருக்கும் குலைகளை எண்ணி, மொத்த மரத்துக்கும் ஒரு குலையின் சராசரி எடைக்கும் பெருக்குகிறார்கள். பலா முள்ளை எண்ணிய கணக்கதிகாரக்காரர் வந்து பார்த்தால் ஒன்றும் விளக்க வேண்டியிருக்காது.

2008 ஏப்ரல் 1 அன்று மலேசியா முழுவதற்கும் கிட்டிய மதிப்பு நடைமுறையாயிற்று. ஒரு சென் நாணயத்தை ஒதுக்கிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா, கடையில் மொத்தத் தொகையை அருகிலுள்ள ஐந்து சென்னுக்கு மாற்றச் சொன்னது. 82 வெள்ளி 2 சென் என்றால் 82 வெள்ளி. 82 வெள்ளி 3 சென் என்றால் 82 வெள்ளி 5 சென். 7இல் முடிந்தால் 5, 8இல் முடிந்தால் 10. சில நாள் வாங்குபவருக்கு இரண்டு சென் லாபம், சில நாள் கடைக்காரருக்கு. மெட்ரோலாக் காலத்தைவிட ஒன்று தெளிவு: எந்தப் பக்கம் சாயும் என்பது யார் கையிலும் இல்லை. விதி எழுத்தில் இருக்கிறது, ரசீதில் அதற்கென்று ஒரு வரியும் உண்டு.

அன்று முதல் சாஆ கடைகளில் சில்லறையாகக் கைமாறும் மிகச் சிறிய காசு ஐந்து சென், வெள்ளியில் இருபதில் ஒரு பங்கு. எண்சுவடியில் அதற்குப் பெயர் ஒரு மா.