பாரசீகச் சிற்றோவியமும் கடல் கடந்த பாரசீகமும்

பாரசீகச் சிற்றோவியம் சுவரில் மாட்டுவதற்காகப் பிறந்த கலை அன்று. கையெழுத்து நூலின் ஏட்டுக்குள் கவிதையோடு சேர்ந்து வாழ்ந்த கலை. ஃபிர்தௌசி 1010இல் பாடி முடித்த ஷாநாமாவையும் நிஸாமியின் காவியங்களையும் ஓவியர்கள் தலைமுறை தலைமுறையாகத் தீட்டினார்கள். எழுத்தர் பாடலை எழுதி இடம் விட்டுவைப்பார். ஓவியர் அந்த இடத்தை நிரப்புவார். மெருகேற்றிய தாள், நீலக்கல்லை அரைத்த வண்ணம், பொன் என்று செலவு மிகுந்த வேலை அது. படத்தில் நிழல் விழாது. நள்ளிரவுக் காட்சியிலும் ஒவ்வொரு பூவும் பகலில்போலத் துலங்கும்.

13ஆம் நூற்றாண்டு மங்கோலியர் ஆட்சியில் சீன மேகங்களும் பாறைகளும் இப்படங்களுக்குள் வந்தன. பின்னர் ஹெராத்தில் ஓவியர் பிஹ்ஸாத் மனிதரின் அசைவையும் அன்றாட உழைப்பையும் ஏட்டில் கொண்டுவந்தார்.

பாரசீக மொழி இக்கலையைவிட வெகுதூரம் பயணம் செய்தது. இலங்கையின் புத்தளக் கரைக்கு 1344இல் வந்த அரபுப் பயணி இப்னு பதூதா, அங்கே தம்மை வரவேற்ற யாழ்ப்பாண அரசர் ஆரியச் சக்கரவர்த்திக்குப் பாரசீகம் விளங்கியது என்று எழுதினார். அரசர் அவருக்கு முத்துகளையும் காட்டினார். அதே தீவின் காலியில் கிடைத்த 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டிலும் சீனம், தமிழ் ஆகியவற்றோடு பாரசீகம் நிற்கிறது. மொழிக்கு வணிகரின் கப்பல் போதும். ஓவியத்துக்கோ தாள் செய்வோர், எழுத்தர், பொன் பூசுவோர், நூல் கட்டுவோர் எல்லோரையும் பல்லாண்டு வைத்துப் பேணும் அரசவைப் பட்டறை வேண்டும்.

அத்தகைய பட்டறை இந்தியாவில் அமைந்தது. நாடிழந்து 1544இல் ஈரானிய ஷா தஹ்மாஸ்பிடம் அடைக்கலம் புகுந்த முகலாய அரசர் ஹுமாயூன், அந்த அவையின் ஓவியர்களான மீர் சையித் அலியையும் அப்துஸ் ஸமதையும் தம் பணிக்கு அழைத்துக்கொண்டார். ஹுமாயூனின் மகன் அக்பர் காலத்தில் அவர்கள் மேற்பார்வையில் ஹம்ஸாநாமா உருவானது: துணியில் தீட்டிய 1,400 படங்கள். எஞ்சியவை 200க்கும் குறைவு.

தஹ்மாஸ்புக்காக 258 ஓவியங்களோடு உருவான ஷாநாமா இக்கலையின் உச்சம். 1568இல் அது உதுமானிய சுல்தான் இரண்டாம் செலிமுக்குப் பரிசாகப் போனது. 1959இல் அதை வாங்கிய அமெரிக்கச் சேகரிப்பாளர் பின்னாளில் ஏடு ஏடாகப் பிரித்தார். நூலாகவே வாழவேண்டிய கலைக்கு இதைவிடப் பெரிய கேடு வேறில்லை. மிஞ்சிய 118 ஓவியங்களை ஈரான் 1994இல் மீட்டது. ஈடாக, டெஹ்ரான் அருங்காட்சியகத்திலிருந்த வில்லெம் டி கூனிங்கின் நவீன ஓவியம் ஒன்றைக் கொடுத்தது.