சாட்டையடி பட்ட தெய்வம்

கி.மு. 405-ஆம் ஆண்டு ஏதென்ஸில், டயோனிசஸ் தெய்வத்துக்குரிய லெனாயா விழாவில் அரிஸ்டோபனிஸின் ‘தவளைகள்’ நாடகம் அரங்கேறியது. நாடகத்தின் நாயகனும் டயோனிசஸ்தான். ஹெராக்ளீஸைப் போலச் சிங்கத்தோல் போர்த்திப் பாதாள உலகம் செல்லும் அத்தெய்வம், வழியில் பூதமொன்றுக்கு அஞ்சி, பார்வையாளர்களிடையே அமர்ந்திருந்த தன் பூசாரியிடமே அடைக்கலம் கேட்கிறது. பாதாள வாசலில், தெய்வம் யார், அடிமை யார் என்று கண்டறிய இருவருக்கும் மாறி மாறிச் சாட்டையடி விழுகிறது. இந்நாடகத்துக்கு அவ்விழாவின் முதற்பரிசு கிடைத்தது.

இதை நாத்திகம் என்று கொள்வதற்கில்லை. இன்பியல் நாடகம் அங்கே வழிபாட்டின் ஒரு பகுதி. பாடற்குழுவின் செலவைச் செல்வந்தக் குடிமகன் ஒருவர் ஏற்பது சமூகக் கடமை. விழா நாளில் தெய்வத்தைக் கண்டு சிரித்தவர்களே மறுநாள் அதற்குப் பலியும் இட்டனர்.

கி.மு. 414-இல் அரங்கேறிய ‘பறவைகள்’ இன்னும் துணிச்சலானது. வழக்குகளில் சலித்த ஏதென்ஸ்வாசிகள் இருவர், பறவைகளைத் திரட்டி வானவெளியில் ஒரு நகரம் எழுப்புகின்றனர். வேள்விப் புகை மேலே செல்லாமல் தடைபட, தெய்வங்கள் பட்டினி கிடக்கின்றன. சமரசம் பேசவந்த ஹெராக்ளீஸ், இறைச்சி வேகும் மணத்திலேயே இணங்கிவிடுகிறார். முந்தைய ஆண்டுதான் நகரெங்கும் ஹெர்மஸ் சிலைகள் சிதைக்கப்பட்டு, தெய்வ நிந்தனைக்காகப் பலர் கொல்லப்பட்டிருந்தனர். அதே நகரம் இந்நாடகத்துக்கு இரண்டாம் பரிசளித்தது.

இத்தெய்வங்களின் பேராசையும் கோழைத்தனமும் உண்மையில் ஏதென்ஸ் மக்களுடையவையே. மனிதர்களை நேரடியாகச் சாடவும் அரிஸ்டோபனிஸ் தயங்கவில்லை. கி.மு. 426-இல் தம் நாடகமொன்றுக்காக அரசியல் தலைவர் கிளியோனின் சினத்துக்கு ஆளானவர், கி.மு. 424-இல் ‘குதிரைவீரர்கள்’ நாடகத்தில் அவரையே எசமானனை ஏய்க்கும் அடிமையாகச் சித்திரித்தார். அந்த எசமானனின் பெயர் டெமோஸ், அதாவது மக்கள். ஏமாறும் மூடக்கிழவனாகத் தம்மைக் கண்ட மக்கள், அதற்கும் முதற்பரிசளித்தனர்.

எனினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. கி.மு. 423-இல் வந்த ‘மேகங்கள்’ நாடகத்தில், கூடையில் தொங்கியபடி வானை ஆராயும் சாக்ரடீஸ், ஜீயஸ் என்றொருவர் இல்லை என்று போதிக்கிறார். அவரது பள்ளி தீக்கிரையாவதோடு நாடகம் முடிகிறது. மூன்று நாடகங்களில் அது கடைசி இடத்தையே பெற்றது. ஆனால் கி.மு. 399-இல் நகரின் தெய்வங்களை ஏற்கவில்லை என்ற குற்றச்சாட்டின்பேரில் சாக்ரடீஸ் நஞ்சருந்தினார். தம்மைப் பற்றிய பழைய அவதூறுகளுக்குச் சான்றாக இந்நாடகத்தை அவரே நீதிமன்றத்தில் சுட்டியதாகப் பிளேட்டோ எழுதுகிறார். வழக்கின் பின்னே அரசியல் பகையும் இருந்தது. நாடகம் மட்டுமே அவரைக் கொன்றுவிடவில்லை.

ஆயினும் தெய்வங்களைச் சாட்டையால் அடித்த கவிஞருக்கு மாலையும், தெய்வங்களைக் குறித்துக் கேள்வி கேட்டவருக்கு நஞ்சும் கிடைத்தன. கேலிக்குத் தெய்வங்கள் தேவைப்பட்டன. அவை இல்லாமலும் சிந்திக்க முடியுமோ என்ற ஐயத்தையே அந்நகரத்தால் சிரித்துக் கடக்க இயலவில்லை.