கொசஸ்தலையாற்றுப் படுகை: நீர் மேலாண்மை வரலாறு

காவேரிப்பாக்கம் ஏரியின் உபரி நீரும் ஆந்திரத்திலிருந்து இறங்கும் நகரியாறும் கொசஸ்தலையாற்றுக்கு நீர் தருகின்றன. கேசாவரம் அணைக்கட்டில் கூவம் பிரிந்துவிட, கொசஸ்தலை பூண்டி வழியாக எண்ணூர்க் கழிமுகத்தை அடைகிறது. இவ்விரு ஆறுகளுக்கும் இடைப்பட்டது ஏரிப் பாசன நாடு.

இப்பகுதியில் ஆண்டு மழையின் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில் சில நாள்களிலேயே கொட்டிவிடும். அதைத் தேக்க எழுந்தவையே ஒன்றின் கலங்கல் நீர் அடுத்ததை நிரப்பும் சங்கிலி ஏரிகள். ஏரியைப் பேண ஊர்ச்சபையில் தனி வாரியம் இருந்ததைப் பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டு காட்டுகிறது. செங்கற்பட்டுச் சீமையில் விளைச்சலில் ஒரு பங்கு ஏரி மராமத்துக்கென ‘மேரை’யாக ஒதுக்கப்பட்டது. 1794 முதல் 1798 வரை அங்கே கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் தம் 1799 அறிக்கையில் இந்த ஏரிகளை விரிவாகப் பதிந்துள்ளார். வருவாய் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனபின் மேரை தேய்ந்தது. 1858இல் சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது: பணம் அரசுக்கு, மண் சுமக்கும் ‘குடிமராமத்து’க் கடமை மட்டும் ஊருக்கு.

அடுத்து நகரம் வந்தது. தாமரைப்பாக்கத்தில் ஆற்றை மறித்து, சோழவரம், செங்குன்றம் ஏரிகள் வழியே சென்னைக்கு நீர் கொண்டுசெல்லும் திட்டம் 1872இல் முடிந்தது. 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. இன்றைய கொள்ளளவு 3,231 மில்லியன் கனஅடி. அதற்காகப் பாடுபட்ட மேயர் சத்தியமூர்த்தி முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார். கிருஷ்ணா நீரைச் சென்னைக்குக் கொண்டுவரும் தெலுங்கு கங்கை ஒப்பந்தம் 1983இல் கையெழுத்தானது. அந்த நீர் வந்துசேர 1996 ஆயிற்று.

ஆற்று நீரைவிட நிலத்தடி நீரின் கதையே கசப்பானது. ஆரணி, கொசஸ்தலைப் படுகைகளின் பழைய மணற்படிவங்களில் நல்ல நீர் இருப்பதை 1960களின் பிற்பகுதியில் ஐ.நா. உதவியுடன் நடந்த ஆய்வு உறுதி செய்தது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் என ஆழ்குழாய்க் கிணற்று வயல்கள் அமைந்தன. மீஞ்சூர் நீர் மணலித் தொழிற்சாலைகளுக்குப் போனது. ஏற்கெனவே விவசாயம் இறைத்த நீருக்கு மேல் இந்த இறைப்பும் சேர, மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் உள்ளே புகுந்தது. 1969இல் ஏறத்தாழ 3 கி.மீ. வரை இருந்த உவர்ப்பு பிறகு 10 கி.மீ. தாண்டியது. 1987ஆம் ஆண்டின் சென்னைப் பெருநகர நிலத்தடி நீர்ச் சட்டம் கிணறு வெட்ட அனுமதி கேட்கச் சொன்னது.

ஆனால் 2000க்குப் பிந்தைய வறட்சிகளில் குடிநீர் வாரியமே விவசாயிகளின் கிணற்று நீரை விலைக்கு வாங்கியது. பம்புசெட் வைத்திருந்தவருக்கு நெல்லைவிட நீர் லாபம். நாற்று நட்டுப் பிழைத்தவருக்கு வேலை போயிற்று, பக்கத்துக் கிணறும் வற்றியது. சில ஊர்களில் மறியல்கள் நடந்தன.

2000ஆம் ஆண்டின் விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம் ஆயக்கட்டு நில உரிமையாளர்களுக்கு நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களைத் தந்தது. 2017இல் குடிமராமத்துத் திட்டம் பழைய பெயரோடு தொடங்கியது. இம்முறை செலவில் பெரும்பங்கு அரசுடையது. தூர்வாருவதில் சங்கத்துக்கு இடமுண்டு; எவ்வளவு நீர் நகரத்துக்குப் போகலாம் என்பதில் இல்லை. நிலமற்றவர்கள் எதிலும் இல்லை.

படுகையின் தலைப்பகுதி வேறு மாநிலத்தில் இருப்பது தனிச் சிக்கல். ஆந்திர அரசு இவ்வாற்றின் குறுக்கே இரண்டு நீர்த்தேக்கங்கள் கட்டத் திட்டமிட்டதை எதிர்த்து, 2022 ஆகஸ்டில் முதல்வர் மு.க. ஸ்டாலின் ஆந்திர முதல்வருக்குக் கடிதம் எழுதினார். சென்னைக் குடிநீரும் படுகையின் பாசனமும் பாதிக்கப்படும் என்பது தமிழகத்தின் வாதம்.