‘நஞ்சு’ முதல் ‘தீங்கு விளைவிக்கத்தக்க பொருள்’ வரை: இந்தியச் சட்டச் சொற்களின் வரலாறும் தமிழாக்கச் சிக்கலும்

ஆய்வுச்சுருக்கம்

மாந்தருக்கும் சூழலுக்கும் கேடு செய்யும் பொருள்களை இந்தியச் சட்டம் எச்சொற்களால் குறித்தது என்பதையும், அச்சொற்களின் பொருள் எவ்வாறு விரிந்தது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. 1919ஆம் ஆண்டின் நஞ்சுகள் சட்டம், 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிகள் சட்டம், 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் ஆகியவை இதற்கு அடிப்படைச் சான்றுகளாகின்றன. பின்னிரு சட்டங்களும் பெருந்திரள் இறப்புகளைத் தொடர்ந்து பிறந்தவை. அவ்விறப்புகளின் வழியே சட்டம் பெற்ற பொருள் நுட்பங்களைத் தமிழில் வழங்கும் சொற்கள் முழுமையாகத் தாங்கவில்லை என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: நஞ்சு, தீங்கு, இடர், போபால், கலைச்சொல், சுற்றுச்சூழல் சட்டம்

முன்னுரை

கலைச்சொல்லாக்கம் பெரும்பாலும் மொழியியல் சிக்கலாகவே அணுகப்படுகிறது. சட்டக் கலைச்சொல்லுக்கோ மற்றொரு பரிமாணமும் உண்டு. ஒரு பொருள் சட்டத்தின் சொல்லுக்குள் அடங்கினால் அதற்கு உரிமம், சேமிப்பு விதி, எச்சரிக்கைச் சீட்டு, இழப்பீடு ஆகியவை பொருந்தும். அடங்காவிடில் அது வெறும் சரக்காகவே கருதப்படும். ஆகவே இத்துறைச் சொற்களின் வரலாறு என்பது, யார் யாருக்குப் பாதுகாப்பு உண்டு என்பதன் வரலாறும் ஆகும்.

1. பட்டியலால் அமைந்த நஞ்சு

‘நஞ்சு’ சங்க நூல்கள் முதல் வழங்கிவரும் பழஞ்சொல். உண்டாரைக் கொல்லும் பொருள் என்பதே அதன் மையக் கருத்து. காலனிய ஆட்சியின் நஞ்சுகள் சட்டமும் ஏறத்தாழ இக்கருத்தையே பின்பற்றியது. 1904ஆம் ஆண்டுச் சட்டத்தை அடுத்து வந்த 1919ஆம் ஆண்டுச் சட்டம், நஞ்சுகளின் இறக்குமதி, உடைமை, விற்பனை ஆகியவற்றை ஒழுங்குபடுத்தியது. வெள்ளைப் பாடாணம் எனப்படும் ஆர்சனிக் அதன் முதன்மைக் கவலைகளுள் ஒன்று.

இச்சட்டம் நஞ்சின் தன்மையை வரையறுக்கவில்லை. விதிகளில் நஞ்சு எனக் குறிக்கப்பட்ட பொருள் எதுவோ, அதுவே சட்டத்தின் நோக்கில் நஞ்சாகக் கொள்ளப்பட்டது. கடையில் வாங்கப்படும் நஞ்சு குற்றத்துக்குப் பயன்படலாம் என்ற எண்ணமே விற்பனைக் கட்டுப்பாட்டின் பின்னணி. கொடுப்பவர் ஒருவர், உண்பவர் ஒருவர் என்ற உறவே அங்குக் கருதப்பட்டது. தொழிற்சாலையோ, போக்குவரத்தோ, மண்ணோ, நீரோ அச்சொல்லின் எல்லைக்குள் இடம்பெறவில்லை.

2. 1958: நஞ்சிட்டவர் இல்லாத நஞ்சு

1958ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் பலர் உணவு நஞ்சானதால் இறந்தனர். பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லியுடன் கப்பலில் ஏற்றிவரப்பட்ட உணவுப்பொருள்களில் அந்நஞ்சு கலந்ததே காரணம். இங்கு எவரும் எவருக்கும் நஞ்சு கொடுக்கவில்லை. பூச்சிக்கொல்லியும் உணவும் அருகருகே வைக்கப்பட்டன. கசிவு எஞ்சியதைச் செய்தது. விற்பனையைக் கண்காணிக்கும் சட்டத்தால் இத்தகைய சாவைத் தடுத்திருக்க இயலாது.

இந்நிகழ்வை ஆராய நீதிபதி ஜே. சி. ஷா தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாகவே 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிகள் சட்டமும் 1971ஆம் ஆண்டின் விதிகளும் வந்தன. இவை இரு புதுமைகளைக் கொணர்ந்தன. ஒன்று, நஞ்சை அளவால் தரப்படுத்தியது. சோதனை விலங்குகளில் பாதியைக் கொல்லும் வாய்வழி அளவு, உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு 1 முதல் 50 மில்லிகிராம் வரை இருப்பின் சிவப்பு, 51 முதல் 500 வரை மஞ்சள், 501 முதல் 5000 வரை நீலம், அதற்கு மேல் பச்சை என நான்கு முக்கோணங்கள் வகுக்கப்பட்டன. சிவப்புக்கும் மஞ்சளுக்கும் ‘நஞ்சு’ என்றும், நீலத்துக்கு ‘ஆபத்து’ என்றும், பச்சைக்கு ‘எச்சரிக்கை’ என்றும் பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் விதிக்கப்பட்டன. நஞ்சா அன்றா என்ற இருமை மறைந்து, சொல்லே படிநிலை ஆயிற்று.

மற்றொன்று மொழி பற்றியது. சீட்டும் துண்டறிக்கையும் இந்தி, ஆங்கிலம் ஆகியவற்றோடு, பொருள் விற்கப்படும் பகுதியின் ஓரிரு வட்டார மொழிகளிலும் அச்சிடப்பட வேண்டும் என விதிகள் கூறின. தமிழில் எச்சரிக்கைச் சொல் எது என்ற வினா இதனால் சட்டத் தேவையாகவே எழுந்தது.

3. போபால்: பொருளிலிருந்து கையாளலுக்கு

1984 டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவை ஒட்டிப் போபாலில் சுமார் 40 டன் மெத்தில் ஐசோசயனேட்டு வெளியேறியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அப்பொருள் ஆலையில் இடைநிலைப் பொருளாகத் தேக்கப்பட்டிருந்தது. சேமிப்புக் கலனுள் நீர் புகுந்ததும் குளிரூட்டல் முதலிய பாதுகாப்பு அமைப்புகள் இயங்காமையுமே தீங்கைப் பேரழிவாக்கின. மேலும், மருத்துவமனைகளில் திரண்டோருக்குச் சிகிச்சையளித்த மருத்துவர்களிடம் அவ்வாயுவைப் பற்றிய போதிய தகவல் இல்லை. பொருளின் பெயர் ஆலைக்குள் இருந்தது. அதன் பொருள் ஊருக்குத் தெரியவில்லை.

1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் இதன் பின்னர் வந்தது. அதன் இரண்டாம் பிரிவு தரும் வரையறை இத்துறைச் சொல்வரலாற்றின் திருப்புமுனை எனலாம். ஒரு பொருள் தனது வேதியியல் அல்லது இயல்வேதியியல் பண்புகளாலோ, கையாளப்படும் முறையாலோ, மனிதர், பிற உயிரினங்கள், தாவரங்கள், நுண்ணுயிர்கள், உடைமை, சுற்றுச்சூழல் ஆகியவற்றுக்குத் தீங்கு விளைவிக்கத்தக்கதாயின், அது இச்சட்டத்தின் வரம்புக்குள் வரும் என்பது அவ்வரையறையின் சாரம்.

இதில் மூன்று கூறுகள் கருதத்தக்கன. முதலாவது, பட்டியலின் இடத்தைப் பண்பு பெற்றது. இரண்டாவது, ‘கையாளப்படும் முறை’ சேர்ந்ததால், பொருளை வைத்திருப்போரின் நடத்தையும் வரையறையின் பகுதியாயிற்று. மூன்றாவது, தீங்கு நிகழ்ந்திருக்க வேண்டியதில்லை. நிகழத்தக்க நிலையே போதும்.

1985 டிசம்பரில் தில்லியில் ஓலியம் வாயு கசிந்ததைத் தொடர்ந்த வழக்கில், தலைமை நீதிபதி பி. என். பகவதி உள்ளிட்ட ஐவர் அமர்வு 1986 டிசம்பரில் தீர்ப்பளித்தது. தீங்கு விளைவிக்கத்தக்க அல்லது இயல்பிலேயே ஆபத்தான தொழில் நடத்துவோர், அதனால் விளையும் கேட்டுக்கு விலக்கின்றி முழுப் பொறுப்பு ஏற்க வேண்டும் என்பது அத்தீர்ப்பு நிறுவிய நெறி. 1987ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட தொழிற்சாலைகள் சட்டம், இத்தகைய செயல்முறைகள் பற்றிய தகவலைத் தொழிலாளர்க்கும் உள்ளாட்சிக்கும் சுற்றுப்புற மக்களுக்கும் வெளிப்படுத்துவதைக் கட்டாயமாக்கியது. போபாலில் இல்லாதிருந்த தகவலுரிமை, இவ்வாறு சொல்லின் பொருளோடு இணைந்தது.

4. ‘கழிவு’ என்னும் பெயர்

1989ஆம் ஆண்டின் கழிவு விதிகள் 18 வகைகளை அளவு வரம்புகளோடு பட்டியலிட்டன. 2016ஆம் ஆண்டின் விதிகளோ, தனித்தோ பிற கழிவுகளுடனோ பொருள்களுடனோ சேர்ந்தோ ஆபத்து விளைவிக்கத்தக்க கழிவு என்று வரையறையை விரித்தன. 1958இல் கப்பலில் நிகழ்ந்த சேர்க்கை பற்றிய பாடம் இவ்வரையறையிலும் எதிரொலிக்கக் காணலாம்.

பெயரே ஒரு பொருளின் வழியைத் தீர்மானிக்கும் என்பதற்குக் கொடைக்கானல் சான்றாகிறது. அங்கிருந்த வெப்பமானி ஆலையின் பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி, 2001இல் முஞ்சிக்கல் பகுதியின் பழைய பொருள் கடையில் கண்டறியப்பட்டது. வணிக வழக்கில் அது காயலான் கடைச் சரக்கு. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் பண்புவழி வரையறையில் அது வேறொன்று. மக்கள் எதிர்ப்பால் ஆலை மூடப்பட்டது. 2003இல் பாதரசக் கழிவுகள் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டன. கண்ணாடி மாறவில்லை, அதற்குரிய பெயர் மாறியபோது அதன் பயணமும் மாறியது.

5. தமிழ்ச் சொற்களின் நிலை

தமிழில் இப்பொருள்களைச் சுட்ட ‘அபாயகரமான’, ‘ஆபத்தான’, ‘தீங்கு விளைவிக்கும்’, ‘இடர்’ ஆகியவை ஒன்றுக்கொன்று மாற்றாக வழங்குகின்றன. மின்கம்பத்து மண்டையோட்டுப் படத்தின் கீழுள்ள ‘அபாயம்’ அணுகாதே என்னும் கட்டளையாகவே படிக்கப்படுகிறது. நாள்தோறும் அப்பொருளை அணுகியே தீரவேண்டிய தொழிலாளிக்கு அச்சொல் கையாளும் முறை எதையும் உணர்த்துவதில்லை.

‘இடர்’ என்பதன் சிக்கல் வேறு. ஆங்கிலத்தில் ‘ஹசார்ட்’ என்பது ஒரு பொருளில் உள்ளார்ந்த தீங்குத்தன்மை. ‘ரிஸ்க்’ என்பது அத்தன்மை குறிப்பிட்ட சூழலில் தீங்காக முடியும் வாய்ப்பு. குடிநீர் நிலையத்தின் குளோரின் உருளையை எடுத்துக்கொண்டால், அதன் தீங்குத்தன்மை எங்கும் ஒன்றே. பூட்டிய அறையில் சரிபார்த்த அடைப்பானோடு இருக்கையில் வாய்ப்பு குறைவு, வெயிலில் துருவேறிக் கிடக்கையில் மிகுதி. தமிழில் ‘இடர்’ இவ்விரண்டுக்கும் ஆளப்படுகிறது. நிகழ்ந்துவிட்ட பெருந்துயரைக் குறிக்கும் ‘பேரிடர்’ என்பதற்கும் அதுவே அடிச்சொல். தன்மை, வாய்ப்பு, நிகழ்வு ஆகிய மூன்றும் ஒரே சொற்குடும்பத்தில் அடங்குவதால், தடுக்கத்தக்கது எது என்பது மங்கிவிடுகிறது.

‘தீங்கு விளைவிக்கும் பொருள்’ என்பதிலும் ஒரு குறை உண்டு. ‘விளைவிக்கும்’ என்னும் எதிர்காலப் பெயரெச்சம் வழக்கமாக நிகழ்வதைச் சுட்டுமேயன்றி, நிகழத்தக்க நிலையைத் தனித்துக் காட்டாது. ‘விளைவிக்கத்தக்க’ என்பதில் அந்நிலை வெளிப்படையாகிறது. எனவே சட்ட வழக்கில் ‘தீங்கு விளைவிக்கத்தக்க பொருள்’ என்றும், உள்ளார்ந்த தன்மைக்குத் ‘தீங்கியல்பு’ என்றும், வாய்ப்புக்கு ‘இடர்வாய்ப்பு’ என்றும் பிரித்தாளுதல் பொருந்தும். ‘பேரிடர்’ இன்றைய வழக்கிலேயே நிற்கலாம். கலன்களின் மீதுள்ள சீட்டுகளுக்கு நீண்ட தொடர்கள் உதவா. அங்கு ‘நஞ்சு’, ‘ஆபத்து’, ‘எச்சரிக்கை’ ஆகிய மூன்றையும் படிநிலை குலையாமல் ஆள்வதே தேவை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன.

1. சட்டச் சொல் பட்டியலில் தொடங்கி, அளவு வழியாகச் சென்று, பண்பும் கையாளலும் இணைந்த வரையறையை அடைந்தது.

2. 1958, 1984 ஆகிய ஆண்டுகளின் இறப்புகள், முந்தைய சொல்லின் எல்லைக்கு வெளியே இருந்தவற்றை வெளிப்படுத்தின.

3. தீங்கியல்பு, இடர்வாய்ப்பு, பேரிடர் என்னும் வேறுபாட்டைத் தமிழ் வழக்கு இன்னும் உறுதியாகப் பேணவில்லை.

பெரும்பான்மைத் தொழிலாளர்க்குப் புரியும் மொழியில் அறிவிப்புகள் அமைய வேண்டும் எனத் தொழிற்சாலைகள் சட்டம் 1948இலேயே விதித்தது. அவ்விதி நிறைவேற, அறிவிப்பு தமிழ் எழுத்தில் இருந்தால் மட்டும் போதாது. கலனைத் திறப்பவர் அதனுள் இருப்பது என்ன செய்யும், எப்போது செய்யும் என்னும் இரண்டையும் தம் மொழிச் சொல்லிலிருந்தே அறிய முடிய வேண்டும்.