ஒப்பந்தம் எழுதாத கடைக்காரர்: தமிழ்நாட்டு வாடகைச் சட்டங்களில் 1882 முதல் 2019 வரை

தமிழ்நாட்டுக் கடைவீதிகளில் தையற்கடை, டீக்கடை, சலூன், பாத்திரக்கடை எனப் பல சிறுதொழில்கள் எழுத்து ஒப்பந்தம் இல்லாமலே நடக்கின்றன. ஒரு அட்வான்ஸ், மாதம் பிறந்தால் வாடகை, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டித் தருவதாக வாய்ப்பேச்சு. உரிமையாளருக்கும் கடைக்காரருக்கும் உள்ள உறவு இவ்வளவுதான். திடீரென்று ஒருநாள் காலி செய்யச் சொன்னால் சட்டம் இவருக்கு என்ன கொடுத்து வந்திருக்கிறது? சட்டங்களையும் தீர்ப்புகளையும் காலவரிசையில் படித்தால் ஒன்று புலப்படுகிறது. ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக் காலம் சட்டம் இவரிடம் தாளைக் கேட்கவில்லை. கடையில் இருக்கிறாரா, வாடகை கொடுக்கிறாரா என்பதை மட்டுமே பார்த்தது. அந்தப் பார்வை மாறியதில்தான் இவருடைய இன்றைய இக்கட்டு தொடங்குகிறது.

முதலில் இவருக்குக் கிடைத்தது பதினைந்து நாள். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 106-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தம் இல்லாத இடங்களில் உற்பத்தித் தொழிலுக்கான குத்தகையை ஆண்டுக் குத்தகையாகக் கருதி ஆறு மாத அறிவிப்பு வேண்டும் என்றது. கடை உள்ளிட்ட மற்ற எல்லாவற்றையும் மாதக் குத்தகையாக வைத்து, பதினைந்து நாள் அறிவிப்பு போதும் என்றது. ஓராண்டைத் தாண்டும் குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்றது 107-ஆம் பிரிவு. பதினொரு மாத ஒப்பந்தம் என்ற நம் ஊர் வழக்கத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. அந்தப் பதினொரு மாதம் முடிந்த பிறகும் உரிமையாளர் வாடகை வாங்கிக்கொண்டிருந்தால், கடைக்காரர் மீண்டும் மாதக் குத்தகைக்காரர் ஆகிவிடுவார். தாள் வைத்திருந்தவரும் கடைசியில் தாளில்லாதவரோடு சேர்ந்துவிடுகிறார்.

அடிமனையை மட்டும் வாடகைக்கு எடுத்துத் தம் செலவில் கட்டடம் எழுப்பியவர்களுக்கு வழி முன்பே திறந்தது. 1921-ஆம் ஆண்டின் சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம், வெளியேற்றப்பட்டால் கட்டடத்துக்கு இழப்பீடு பெறவும், நீதிமன்றம் குறிக்கும் விலைக்கு மனையையே வாங்கிக்கொள்ளக் கோரவும் உரிமை தந்தது. கட்டடத்தையே வாடகைக்கு எடுத்த கடைக்காரருக்கு இதில் இடமில்லை.

அவருக்குப் பாதுகாப்பு வந்தது போரால். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் 1941-இல் வீடுகளுக்கும், 1942-இல் குடியிருப்பு அல்லாத கட்டடங்களுக்கும் வாடகைக் கட்டுப்பாட்டு ஆணைகள் பிறந்தன. போர் முடிந்ததும் ஆணை சட்டமானது: 1946, பிறகு 1949, பிறகு நெடுங்காலம் நின்ற 1960-ஆம் ஆண்டுச் சட்டம். குறிப்பிட்ட காரணம் ஒன்றை நிரூபித்தால் ஒழிய யாரையும் வெளியேற்ற முடியாது என்பதே இவற்றின் உயிர். வேண்டுமென்றே வைத்த வாடகைப் பாக்கி, அனுமதியில்லாத உள்வாடகை, உரிமையாளரின் சொந்தத் தொழில் தேவை, இடித்துக் கட்டுதல் ஆகியவை அவற்றில் முக்கியமானவை.

1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8-ஆம் பிரிவை நான் தனித்துச் சொல்ல விரும்புகிறேன். ஒப்பந்தமில்லாத கடைக்காரரின் நிலையை அறிந்தவர்கள் எழுதிய பிரிவு அது. அவரைக் கிளப்ப நினைக்கும் உரிமையாளர் முதலில் செய்வது வாடகையை வாங்க மறுப்பது. பிறகு பாக்கி என்று வழக்குப் போடுவது. சட்டம் இதற்குப் படிப்படியாக விடை வைத்தது. வாடகைக்கு ரசீது தர வேண்டும். வாங்க மறுத்தால், பணம் கட்டுவதற்கு ஒரு வங்கியைக் குறிப்பிடும்படி கடைக்காரர் எழுத்தில் கேட்கலாம். பதில் இல்லையென்றால் மணியார்டர் அனுப்பலாம். அதுவும் திரும்பி வந்தால் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் செலுத்தலாம். திரும்பி வந்த மணியார்டர் படிவமே அவருக்குச் சாட்சி ஆனது. எழுதாத ஒப்பந்தத்தின் இடத்தில் அது நின்றது.

நீதிமன்றங்களும் இதே திசையில் நடந்தன. தமிழ்நாட்டிலிருந்து சென்ற தனபால் செட்டியார் வழக்கில் 1979-இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள், வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் வெளியேற்றம் கோர 106-ஆம் பிரிவு அறிவிப்பு தேவையில்லை என்றனர். பார்வைக்கு இது உரிமையாளருக்குச் சாதகம். ஆனால் கடைக்காரரைக் காப்பது ஒப்பந்தம் அல்ல, சட்டமே என்ற கருத்து இதனால் உறுதிப்பட்டது. 1985-இல் சுந்தரம் பிள்ளை வழக்கு, வாடகை தவறியதெல்லாம் வேண்டுமென்றே தவறியது ஆகாது என்று விளக்கியது. கடைக்காரர் இறந்தால், அவரோடு தொடர்ந்து அந்தத் தொழிலில் ஈடுபட்டிருந்த வாரிசும் வாடகைதாரரே என்று சட்டத்தின் வரையறையே சொன்னது. அப்பா வைத்த கடையில் மகன் உட்கார எந்தத் தாளும் தேவைப்படவில்லை.

இந்தப் பாதுகாப்பு ஒரே நாளில் போகவில்லை. 1940-ஆம் ஆண்டின் வாடகையை அடிப்படையாகக் கொண்ட நியாய வாடகை 1973-இல் கைவிடப்பட்டு, கடைகளுக்குக் கட்டடமும் மனையும் சேர்ந்த மதிப்பில் ஆண்டுக்கு 12 சதவீதம் என்று ஆனது. பழைய அளவு உரிமையாளருக்கு அநீதி என்பதை மறுக்க முடியாது. ஆனால் மனை விலை ஏற ஏற, கடைக்காரருக்காக ஏற்பட்ட நியாய வாடகை மனு அவருக்கு எதிராகவே வந்து நின்றது. 1976-இல் ஓர் அரசாணை இந்து, கிறித்தவ, இஸ்லாமியப் பொது அறநிலையங்களின் கட்டடங்களுக்கு 1960-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து விலக்களித்தது; பின்னர் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. கோயில் கட்டடங்களில் கடை வைத்திருந்தவர்கள் மீண்டும் பதினைந்து நாளுக்குத் திரும்பினர். 1996-இல் அறநிலைய மனைகளில் அடிமனைப் பாதுகாப்பும் நீங்கியது. சொத்து மாற்றச் சட்டத்தின் 106-ஆம் பிரிவையும் நாடாளுமன்றம் 2002-இல் தளர்த்தியது: அறிவிப்பில் நாள் குறைந்திருந்தாலும், உரிய காலம் கழிந்தபின் வழக்குப் போட்டிருந்தால் அந்த அறிவிப்பு செல்லும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய மாற்றம், 22.02.2019 அன்று நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டின் நில உரிமையாளர் – வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் முறைப்படுத்தல் சட்டம். 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்று இது கட்டளையிட்டது. மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்தக் கூடாது என்பது போன்ற நல்ல விதிகளும் இதில் உண்டு. ஆனால் 21-ஆம் பிரிவு, பழைய வாடகை உறவுக்கு ஒப்பந்தம் எழுதத் தவறியதையே வெளியேற்றத்துக்கு ஒரு காரணமாக வைத்திருக்கிறது. தவறியது யார் என்று அந்த வாசகம் கேட்பதில்லை. முப்பது ஆண்டு ஒழுங்காக வாடகை கட்டிய கடைக்காரர், உரிமையாளர் கையெழுத்திட மறுத்தால் என்ன செய்வார்? மணியார்டர் படிவத்தை மதித்த சட்டத்தின் இடத்தில், எதிராளியின் கையெழுத்தைக் கேட்கும் சட்டம் வந்திருக்கிறது.

எழுத்து ஒப்பந்தம் வேண்டாம் என்று யாரும் வாதிட முடியாது. வாடகை, அட்வான்ஸ், கால அளவு எழுத்தில் இருந்தால் இரு தரப்புக்கும் நல்லது. அந்த எழுத்தைப் பெறும் வழி, பேரம் பேச வலுவில்லாதவர் கையிலும் இருக்க வேண்டும் என்பதுதான் இந்த வரலாறு வைக்கும் கோரிக்கை. கடைக்காரர் எழுத்தில் கேட்டும் உரிமையாளர் மறுத்தால், அந்த மறுப்பை வெளியேற்றக் காரணமாகக் கொள்ளக் கூடாது என்று 21-ஆம் பிரிவில் ஒரு வரி சேர்க்கத் தமிழ்நாடு அரசு முன்வர வேண்டும். அதுவரை கடைக்காரர்கள் வாடகையை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியே செலுத்துவதும், ஒப்பந்தம் கேட்டு விரைவுத் தபாலில் கடிதம் அனுப்பி அதன் நகலையும் ஒப்புகையையும் பத்திரப்படுத்துவதும் அவசியம்.