தி டைப்பிங் ஆஃப் தி டெட்

ஜப்பானின் சேகா நிறுவனம் 1999இல் ஆர்கேட் கூடங்களுக்காக வெளியிட்ட அதிரடி வீடியோ கேம். 1998இல் வந்த ‘தி ஹவுஸ் ஆஃப் தி டெட் 2’ என்ற சுடும் விளையாட்டின் கிளைப்படைப்பு. கதையும் காட்சிகளும் வில்லன் கோல்ட்மேனும் பெரும்பாலும் மூலத்தில் உள்ளபடியே; துப்பாக்கிக்குப் பதில் விசைப்பலகை.

ஆட்டமுறை: பாய்ந்து வரும் ஸோம்பியின் முன் ஒரு சொல் தோன்றும். பிழையின்றித் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் ஒரு குண்டு. சொல் முடிந்தால் ஸோம்பி சாயும். தாமதித்தால் அடி விழும். பெரிய எதிரிகளிடம் முழு வாக்கியங்களையே அடிக்கவேண்டும். கேள்வி கேட்டுப் பதிலைத் தட்டச் சொல்லும் எதிரியும் உண்டு.

நகைச்சுவை: நாயகர்கள் கழுத்தில் விசைப்பலகையும் முதுகில் சேகாவின் டிரீம்காஸ்ட் வீடியோ கேம் கருவியும் பெரிய பேட்டரியுமாக, முகத்தில் சிரிப்பே இல்லாமல் உலகைக் காக்க ஓடுவார்கள். உயிர் போகும் நேரத்தில் அடிக்கக் கிடைப்பதோ சம்பந்தமே இல்லாத சொற்றொடர்கள். தன் அபத்தத்தை ஆட்டமே அறிந்து ரசிக்கிறது. கூடவே தட்டச்சுப் பயிற்சியும் தருகிறது.

பின்வந்தவை: 2000இல் டிரீம்காஸ்ட் பதிப்பு வந்தது. 2009இன் ‘தி ஹவுஸ் ஆஃப் தி டெட்: ஓவர்கில்’ விளையாட்டை வைத்து, மாடர்ன் டிரீம் நிறுவனம் உருவாக்கிய ‘தி டைப்பிங் ஆஃப் தி டெட்: ஓவர்கில்’ 2013இல் கணினிக்கு வெளியானது.