குடிவழியும் குருதிவழியும்

மட்டக்களப்பு வாவியின் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும் மேற்கரையைப் படுவான்கரை என்றும் நம் முன்னோர் வழங்கினர். இவ்விரு கரையிலும் புதியவர் ஒருவரைக் கண்டால், "நீர் என்ன குடி?" என்று வினவுவது பழைய வழக்கம். அக்குடி தாய்வழியே வருவது. கோயிலுரிமையும் பள்ளிவாசற் பொறுப்பும் குடிமுறைப்படியே வகுக்கப்பட்டன. முதுசொத்தும் பெண்வழியே இறங்கிய முக்குவர் வழமையைக் கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார்.

குடிக்குத் தாய்வழி ஒன்றே கணக்கு. குருதிக்கோ தாய்வழியும் தந்தைவழியும் சமமான கணக்கு. இரத்தத்திற் சேரும் கொழுப்பு இதற்குத் தக்க சான்றாகும்.

நோர்வே நாட்டு வைத்தியர் கார்ல் முல்லர், சில குடும்பங்களில் தசைநாண்களிற் கொழுப்புத் திரட்சி, இரத்தத்தில் மிகுந்த கொலஸ்திரோல், மார்புநோவு ஆகிய மூன்றும் ஒருங்கே தொடர்வதை 1938ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். பெய்ரூத் நகரில் அவெடிஸ் கச்சதூரியன் இக்குறையின் பரம்பரை முறையை ஆராய்ந்தார். பெற்றோரில் ஒருவரிடமிருந்து குறையைப் பெற்றவர்க்குக் கொலஸ்திரோல் மிகுதி என்பதும், இருவரிடமிருந்தும் பெற்றவர்க்கு அதனினும் பெரிதும் மிகுதி என்பதும் 1964இல் அவர் வெளியிட்ட ஆய்வினால் தெளிவாயின.

காரணம் யாது? கொலஸ்திரோலைச் சுமந்து செல்லும் நுண்துணிக்கைகளை வாவியில் வரும் தோணிகளாக எண்ணுங்கள். ஈரலே அவை சேரவேண்டிய கரை. அங்கே 'வாங்கிகள்' என்னும் இறங்குதுறைகள் உண்டு. அவற்றை அமைக்கும் பரம்பரையலகில் ஒன்று தந்தை தந்தது. மற்றொன்று தாய் தந்தது. ஒன்று பழுதாயின் துறைகளிற் பாதி பயன்படா. கரைசேராத சரக்கு நாடிகளின் சுவரிற் படிந்து இருதயத்தின் வழியை அடைக்கும். இவ்வாங்கிகளைக் கண்டறிந்த பிரவுண், கோல்ட்ஸ்டீன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவரும் 1985இல் நோபல் பரிசு பெற்றனர்.

இனி நம் ஊர் வழக்கைப் பார்ப்போம். ஒரே குடிக்குள் மணம் விலக்கு; மாமன் மகளோ வேறு குடி, ஆகவே உரிமைப் பெண். ஆயினும் மணமகனின் தாயும் அவள் தந்தையும் உடன்பிறந்தோர் அல்லரோ? அவர்களைப் பெற்றவரிடமிருந்த பழுது இருவர் வழியாகவும் வந்து மணமக்களிடம் சேரக்கூடும். அப்படிச் சேர்ந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இருமடிப் பழுது வாய்க்கும் சாத்தியம் நான்கில் ஒன்று. அத்தகைய குழந்தையைப் பாலப்பருவத்திலேயே இருதயநோய் பற்றலாம்.

இது ஒரு நாட்டுக்கோ ஒரு குடிக்கோ உரிய நோயன்று. உலகில் ஏறத்தாழ முந்நூறு பேரில் ஒருவர் ஒருமடிப் பழுது உடையவர். தோணி வலித்து மெலிந்த உடலும் மிதமான ஊணும் உடையவரையும் அது விடாது. நாற்பது வயதில் அவர் சாய்ந்தால் விதி என்கிறோம்.

ஆனால் அவ்விதிக்கு மாற்று உண்டு. யப்பானிய அறிஞர் அகிரா எண்டோ பூஞ்சணத்திலிருந்து பிரித்தெடுத்த பொருள் ஸ்டற்றின் என்னும் மருந்துவகைக்கு வழிகாட்டிற்று. அவ்வகையில் முதல் மருந்து 1987இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. நோயைக் காலத்தே அறிய ஓர் இரத்தப் பரிசோதனையே தொடக்கம்.

ஆகவே, "நீர் என்ன குடி?" என்னும் பழைய வினாவோடு, "உம் தாய்வழியிலோ தந்தைவழியிலோ இளவயதில் மாரடைப்புக் கண்டவர் உண்டா?" என்னும் வினாவையும் சேர்த்துக் கேட்போமாக.